சாமிமாருக்கு றோட்டில் என்ன வேலை? மன்னார்க் கரையின் நம்பிக்கையும் மூடப்படாத கணக்குகளும்

2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி இரவு, காற்றாலைக்கான பாரிய பாகங்கள் பொலிஸ் பாதுகாப்புடன் மன்னார்த் தீவுக்குள் கொண்டுவரப்பட்டன. மறித்து நின்ற மக்கள் மீது பொலிஸார் பலப்பிரயோகம் செய்தனர். பெண்களும் இருந்தார்கள், அங்கி அணிந்த அருட்தந்தையர்களும் இருந்தார்கள். மூன்று நாட்களின் பின்னர், 29 ஆம் திகதி, மன்னார் கடையடைப்பில் வெறிச்சோடியது.

அந்த இரவின் காணொளிகள் பரவத் தொடங்கியபோது கூடவே ஒரு கேள்வியும் பரவியது. "சாமிமாருக்கு றோட்டில் என்ன வேலை? கோயிலுக்குள்ள இருந்து பூசையை வைக்கலாம்தானே?" தெற்கிலிருந்து மட்டும் வந்த கேள்வி என்றால் கடந்து போயிருக்கலாம். கேட்டவர்களில் கணிசமானோர் தமிழர்கள். சிலர் கத்தோலிக்கர்கள். காற்றாலை நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை இந்தக் கட்டுரை தொடப்போவதில்லை. அதற்கு வேறு இடம் இருக்கிறது. கேட்கப்பட்ட கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்வோம். மன்னாரில் ஒரு குருவானவர் ஏன் வீதியில் நிற்கிறார்? அவருக்குப் பின்னால் நிற்கிற சனத்தின் விசுவாசம் எப்படிப்பட்டது? நாற்பது வருடமாக அந்த விசுவாசம் கேட்ட எதுவும் ஒழுங்காகக் கிடைக்கவில்லையே, பிறகும் அது எதில் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

பெரும்பான்மையும் சிறுபான்மையும்

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி, கத்தோலிக்கர் பாதிக்கு மேல் வாழும் மாவட்டம் இலங்கையில் ஒன்றுதான். அது மன்னார். தலைமன்னாரிலிருந்து பேசாலை, தோட்டவெளி, வங்காலை, அரிப்பு என்று கரையோரமாக வந்தால் ஒரு கோயில் மணிச் சத்தம் ஓய்வதற்குள் அடுத்த கோபுரம் கண்ணில் படும். இங்கே வளர்ந்த பிள்ளைக்குத் தான் சிறுபான்மை என்பது வெளியே படிக்கப் போகும்போதுதான் தெரியவரும். யாழ்ப்பாணத்தில் அவர் 'வேதக்காரர்'. கொழும்பில், தன்னுடைய சொந்தத் திருச்சபைக்குள்ளேயே, சிங்களம் பேசும் பெரும்பான்மைக்கு நடுவில் இருக்கும் தமிழர். நாட்டில், பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் அரசியலமைப்பின் கீழ் இரட்டைச் சிறுபான்மை.

இந்த நிலைமை நேற்று வந்ததல்ல. 1544 இல் புனித சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்களில் அறுநூறு பேரளவில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் கட்டளைப்படி கொல்லப்பட்டனர். தோட்டவெளியில் அவர்களுடைய நினைவாக எழுந்த கோயில் இன்றும் யாத்திரைத் தலம். சங்கிலி என்ற பெயருடைய மன்னனுக்கு நல்லூர் முத்திரைச் சந்தியில் சிலை இருக்கிறது. போர்த்துக்கேயரை எதிர்த்த வீரனாக. ஒரே பெயர் ஓரிடத்தில் வீரனுடையது, இன்னோரிடத்தில் கொலைக் கட்டளை கொடுத்தவருடையது. இரண்டு நினைவும் தமிழருடையவைதான். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேச நாம் இன்னும் பழகவில்லை. மதம் மாறுதல் என்பது அந்தக் காலத்தில் போர்த்துக்கேய முடியின் பாதுகாப்புக்குள் போவதாகவும் இருந்தது. அரசன் அதை இராசதுரோகமாகப் பார்த்தான். அதற்காகக் கடற்கரையில் வெட்டப்பட்ட ஏழைச் சனத்தின் இரத்தம் வேறு நிறமாகிவிடாது.

பிறகு சக்கரம் சுற்றியது. 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். திருக்கேதீச்சரம் அவர்கள் காலத்தில்தான் இடிக்கப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள். இப்போது கத்தோலிக்கர் ஒளிய வேண்டிய முறை. மாந்தையில் இருந்த மாதாவின் சுரூபத்தை 1670 இல் சில குடும்பங்கள் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடின. அவர்கள் நின்ற இடம்தான் மருதமடு. மடுவின் தொடக்கம் அகதி முகாம் ஒன்றின் தொடக்கம் என்று சொன்னால் மிகையில்லை. பின்னாளில் அங்கே சைவர்களும் சிங்கள மக்களும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மடு மண்ணுக்குப் பாம்புக்கடி விஷம் முறியும் என்று சமயம் பாராமல் எல்லோரும் அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் அம்மம்மாவும் ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து வைத்திருந்தா. மூன்று இடப்பெயர்வுகளில் நகை போனது, உறுதிக்கட்டுகள் போயின, அந்த முடிச்சு மட்டும் போகவில்லை.

எழுதிவைத்தவர்கள்

1984 டிசம்பர் மன்னார் மாவட்டத்துக்கு மிகக் கொடிய மாதம். 4 ஆம் திகதி கண்ணிவெடித் தாக்குதல் ஒன்றையடுத்து இராணுவத்தினர் மன்னார் வீதியில் கண்ணில் பட்ட பொதுமக்களைச் சுட்டார்கள். 13 ஆம் திகதி முருங்கன் மெதடிஸ்த திருச்சபையின் போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார்; வாகனத்தோடு எரிக்கப்பட்டார். அந்த நாட்களில் இறந்தவர்களைப் பற்றிய விபரங்களைத் திரட்டிக்கொண்டிருந்தவர் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன். யார், எந்த ஊர், எங்கே, எப்படி. 1985 ஜனவரி 6 ஆம் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, அவர் தன் கோயில் வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவம் மறுத்தது. அவர் இந்தியாவுக்குத் தப்பிப் போய்விட்டார் என்று ஒரு கதை அரச தரப்பிலிருந்து வந்தது. உடல் கிடைக்கவேயில்லை.

ஒரு குருவானவரை 'காணாமல் போனவர்' ஆக்கும் முயற்சி அது. வங்காலை மக்கள் அந்தக் கதையை ஏற்கவில்லை. வருடாவருடம் அவரை நினைவுகூர்ந்து வந்தார்கள். கல்லறை இல்லாத ஒருவரை நினைவுகூருவது எப்படி என்று வடக்கு கிழக்கு முழுவதும் பின்னாளில் பழகிக்கொண்ட பாடத்தை வங்காலை அப்போதே படித்துவிட்டது.

இதற்குப் பிந்திய பட்டியல் நீண்டது. இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு அதில் பாதியாவது மனப்பாடம். 1999 நவம்பர் 20 ஆம் திகதி இரவு, அடைக்கலம் தேடி மடு வளவில் தங்கியிருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். இரு தரப்பும் மற்றத் தரப்பைக் கைகாட்டின. 2006 ஜூன் மாதம் வங்காலையில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே வீட்டுக்குள் கொல்லப்பட்டது. அதே மாதம் 17 ஆம் திகதி பேசாலை வெற்றி அன்னை ஆலயத்துக்குள் ஒதுங்கியிருந்த மக்கள் மத்தியில் குண்டு வெடித்தது. 2007 செப்டெம்பர் 26 ஆம் திகதி, இடம்பெயர்ந்தவர்களுக்கு உதவிப் பொருட்கள் கொண்டுபோன மன்னார் மறைமாவட்டக் குரு நிக்கலஸ்பிள்ளை பாக்கியரஞ்சித் கிளைமோர் தாக்குதலில் இறந்தார். மன்னார் நகரில் காற்றாலைப் போராட்டக்காரர்கள் மீது பொலிஸார் கைவைத்த திகதியும் அதே செப்டெம்பர் 26. தற்செயல்தான். ஆனால் இப்படியான தற்செயல்களைக் கவனிக்கும் பழக்கம் இந்தக் கரையில் ஊறிப்போனது.

2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது குருக்கள் மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். 1670 இல் நடந்தது 338 வருடங்களுக்குப் பிறகு திரும்ப நடந்தது. அடைக்கலம் கொடுக்க வேண்டிய தாயே அகதியாகப் போனா. அந்த வாரம் வன்னிக்குள் பலருக்கு அது பெரும் தோல்வியாகத்தான் தெரிந்தது. 'மாதாவே வெளிக்கிட்டிட்டா, இனி நாங்கள் ஆரிட்டப் போறது' என்று சனம் அழுததை அங்கிருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆகஸ்ட் மாதம் சுரூபம் திரும்பி வந்தது. சனத்தில் பெரும்பகுதியினர் திரும்பவில்லை. அவர்கள் கிளிநொச்சியையும் கடந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு கழித்தல் கணக்கு

2011 ஜனவரி 8 ஆம் திகதி மன்னாரில் அமர்ந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஆயர் இராயப்பு யோசப் ஒரு ஆவணத்தைக் கையளித்தார். அதில் இருந்த கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள், கச்சேரிப் பதிவுகளின்படி 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தவர்கள் 282,380 பேர். கழித்தால் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது?

கவனிக்க வேண்டிய விடயம், இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. பதில் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். எண்களில் ஒன்று கச்சேரியினது, மற்றது ஐ.நா.வினது. கழித்தல் மட்டும்தான் ஆயருடையது. அதுவே போதுமானதாக இருந்தது அவரைப் புலிகளின் ஆயர் என்று முத்திரை குத்துவதற்கு. 2012 இல் குற்றப் புலனாய்வுப் பிரிவினர் அவரிடம் விசாரணை நடத்தினார்கள். பதில் அவருடைய சீவிய காலத்தில் வரவில்லை. 2016 இல் உடல்நலக் குறைவோடு ஓய்வு பெற்றார். 2021 ஏப்ரல் 1 ஆம் திகதி, அந்த வருடத்துப் பெரிய வியாழனன்று, இறந்தார்.

நெடுந்தீவில் பிறந்த இந்த மனிதரைப் பற்றிப் புகழ்மாலைகள் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் தோற்றார் என்பது. கேட்ட சர்வதேச விசாரணை வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோர் திரும்பவில்லை. அரசாங்கங்கள் மாறின, வாக்குறுதிகளின் எழுத்துரு மட்டும் மாறியது. வெற்றியை வைத்து அளந்தால் மன்னார்த் திருச்சபையின் நாற்பது வருடம் ஒரு நீண்ட தோல்விப் பட்டியல். ஆனாலும் அந்தக் கணக்கு மூடப்படவில்லை. யாரோ ஒருவர் அதைத் திறந்தே வைத்திருந்தார், அவர் போன பிறகு வேறொருவர் வைத்திருக்கிறார்.

திருச்சபைக்கு உள்ளேயே கிடைத்த எதிர்ப்பையும் சொல்லாமல் விடக்கூடாது. 2012 இல் ஜெனிவாவில் இலங்கை மீதான தீர்மானம் வந்தபோது கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அதை நாட்டின் விடயங்களில் வெளியாரின் தலையீடு என்ற வகையில் எதிர்த்தார். அடுத்த வருடம் வடக்கு கிழக்கின் நூற்றுக்கும் மேற்பட்ட குருக்களும் துறவியரும் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்கு எதிர்த்திசையில் கடிதம் எழுதினார்கள். ஒரே திருச்சபை, ஒரே திருப்பலி, இரண்டு நாடுகள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, உள்நாட்டு விசாரணைகளில் நம்பிக்கை இழந்த அதே கர்தினால் 2022 மார்ச்சில் ஜெனிவாவுக்குப் போய் அதே பேரவையில் நீதி கேட்டார். இதை வைத்துக் கேலி செய்வது சுலபம். தமிழ் சமூக ஊடகங்களில் அது தாராளமாக நடந்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அந்தக் கேலியைச் சொல்ல முடியுமா? சொல்ல முடியாது என்றால் எழுதவும் கூடாது. மன்னார்க் குருக்களில் பலர் அந்தத் தாய்மாரின் பக்கம் நின்றார்கள். பத்து வருடம் முன்னதாகவே தங்களுடைய பக்கம் யாராவது இப்படி நின்றிருக்கலாமே என்ற கசப்பு அவர்களுக்கு இல்லாமல் இருந்திருக்காது.

களைத்துப்போன நேர்த்திகள்

இதுவரை ஆயர்கள், குருக்கள், ஆணைக்குழுக்கள். வீட்டுக்குள் விசுவாசம் என்னவாக இருக்கிறது?

காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயை மன்னார்த் தீவில் சந்தித்தேன். பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை. சுவரில் திரு இருதயப் படம், பக்கத்தில் மகனின் பள்ளிக்கூடக் காலத்துப் படம். இரண்டுக்கும் ஒரே மின்குமிழ். ஞாயிறு பூசைக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

"கொஞ்சக் காலம் போகேல்லப் பிள்ள. நேர்த்தி வைச்சு வைச்சுக் களைச்சுப் போனன். மடுவுக்கு நடந்தன், அந்தோனியாருக்கு நடந்தன், ஒரு மறுமொழியும் இல்ல. கோவத்தில போகேல்ல."

"இப்ப போறீங்களா?"

"போறன். கோவம் போகேல்ல. கோவத்தோடதான் போறன். வீட்டில இருந்து கோவிக்கிறதுக்கு அங்க போய் முகத்துக்கு நேர கேக்கலாம்தானே."

ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் 'மீண்டெழும் திறன்' என்ற சொல்லைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நன்கொடை நிறுவனங்களின் அறிக்கைகளில் அது அடிக்கடி வரும். வடக்குப் பெண்கள் மீண்டெழுந்து கோழி வளர்ப்பதாகப் படத்துடன் வரும். இந்தத் தாய் மீண்டெழவில்லை. மீண்டெழ அவருக்கு விருப்பமும் இல்லை. மகனின் மரணச் சான்றிதழை ஏற்றுக்கொண்டால் இழப்பீடு கிடைக்கும் என்று வந்து சொன்னவர்களைத் திருப்பி அனுப்பியவர் அவர்.

கோபத்தோடு கடவுளின் முன் நிற்பது இந்த மண்ணில் புதிதுமல்ல. தவக்காலத்தில் நமது கரையோர ஊர்களில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும் வழக்கம் இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் தடைக் காலத்தில் ஊழியம் செய்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது. கிட்டத்தட்ட ஒப்பாரி இராகத்தில், இழுத்து இழுத்து, கேட்பவர்கள் அழும்படி வாசிப்பார்கள். பாடுபட்ட மகனைப் பார்த்து நிற்கும் தாயின் துயரம்தான் அதன் உயிர். உயிர்ப்பு விழாவின் மணியடி வரும்வரைக்கும் அழுகை அழுகையாகவே இருக்கும். அவசரப்பட்டு யாரும் ஆறுதல் சொல்ல மாட்டார்கள். போருக்குப் பிந்திய மேடைப் பிரசங்கங்களில் நான் காணாதது இந்தப் பொறுமையைத்தான். பெரிய ஒலிபெருக்கி வைத்த புதிய சபைகள் 'இந்த வருடம் உன் அதிசயத்தின் வருடம்' என்று வருடாவருடம் அறிவிக்கின்றன. அங்கே போனவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பங்கில் யாரும் வீட்டுக்கு வந்து விசாரிக்காதபோது அங்கே ஒருவர் கையைப் பிடித்துச் செபித்தார் என்று சொன்ன பெண்கள் எனக்குத் தெரிந்தவர்களில் பலர். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பழைய கோயில்கள்.

பக்கத்து வீட்டுக் கணக்கு

தன் காயங்களின் கணக்கை இவ்வளவு கவனமாக வைத்திருக்கும் ஒரு சமூகத்திடம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. மற்றவர்களின் கணக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் மன்னார் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, எருக்கலம்பிட்டி உள்ளிட்ட ஊர்கள் சில நாட்களுக்குள் காலியாகின. வீடு, வள்ளம், வலை எல்லாம் விட்டுவிட்டுக் கடல் வழியாகப் புத்தளம் பக்கம் போனார்கள். மன்னார்த் தீவின் தமிழர்கள் இதை எதிர்த்துப் புலிகளிடம் பேசினார்கள் என்பதை வெளியேற்றப்பட்டவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பதிவு நமக்குக் கிடைத்த கொடை. ஆனால் பேச்சு தோற்றது, வெளியேற்றம் நடந்தது. அதற்குப் பிறகு எத்தனை மறையுரைகளில் அது நினைவுகூரப்பட்டது? மீள்குடியேற்றம் தொடங்கிய பிறகு காணிப் பிரச்சினையாக மட்டும்தான் முஸ்லிம்கள் நமது பேச்சுக்குள் வந்தார்கள்.

அடுத்தது, இன்னும் அண்மையானது. 2019 மார்ச் 3 ஆம் திகதி, சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வீதியின் தொடக்கத்தில், மாந்தை மாதா கோயிலுக்கு அருகில், சைவர்கள் அமைத்துக்கொண்டிருந்த அலங்கார வளைவு ஒன்று பிடுங்கி எறியப்பட்டது. செய்தவர்கள் கத்தோலிக்கர்கள். நந்திக் கொடி நிலத்தில் கிடந்த படம் உலகத் தமிழர் எல்லோரிடமும் போய்ச் சேர்ந்தது. வளைவு வந்த இடம் கோயில் காணியோடு ஒட்டியது, முன்கூட்டிப் பேசவில்லை, நிரந்தரமாக்கப் பார்த்தார்கள் என்று கத்தோலிக்கத் தரப்பில் காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் உண்மை இருக்கலாம். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஆனால் ஒரு விடயம் காரணங்களுக்குள் அடங்காது. 1544 இன் வேதசாட்சிகளை வருடாவருடம் நினைவுகூரும் சமூகம், தன் மூதாதையரின் ஆட்சியாளர்கள் அதே திருக்கேதீச்சரத்தை இடித்ததை ஏன் தன்னுடைய நினைவின் பகுதியாக எடுத்துக்கொள்ளவில்லை? இடித்தவர்கள் போர்த்துக்கேயர், நாங்கள் அல்ல என்பது சரி. வேதத்தைக் கொண்டுவந்த கப்பல்தான் பீரங்கியையும் கொண்டுவந்தது என்பதும் சரி. போர்க்காலத்தில் திருக்கேதீச்சரம் இராணுவத்திடம் கிடந்தது; அந்தச் சைவக் குடும்பங்களும் நம்மைப் போலத்தான் மூட்டை முடிச்சோடு திரிந்தார்கள். ஒரு சிவராத்திரிக்கு வளைவு கட்ட அவர்கள் யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்பதை யோசித்தால், மன்னாரில் பெரும்பான்மை எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வி தானாக வரும்.

இதன் பலனை அறுவடை செய்யக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். 2016 இல் தோன்றிய சிவசேனை போன்ற அமைப்புகள் மதமாற்றத்தைத் தமிழினத்தின் முதல் எதிரியாக வரைந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு வளைவு அவர்களுக்குப் பத்துப் பொதுக்கூட்டங்களின் வேலையைச் செய்து கொடுத்தது. அதன் விலையை யார் கொடுத்தார்கள்? வன்னியின் உட்கிராமங்களில் ஓலைக் கொட்டிலில் செபிக்கும் சிறிய சபைகள். ஆயர் இல்லமும் பேராலயமும் அவர்களுக்கு இல்லை.

முள்ளிக்குளமும் மணல் திட்டும்

முசலியில் இருக்கும் முள்ளிக்குளம் பழைய கத்தோலிக்க ஊர். 2007 செப்டெம்பர் 8 ஆம் திகதி, மாதா பிறந்தநாளன்று, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சில நாட்களில் திரும்பலாம் என்றார்கள். ஊர் கடற்படையின் வடமேல் கட்டளைத் தலைமையகம் ஆனது. 2012 இல் திரும்பி வந்தவர்கள் ஊருக்குள் போக முடியாமல் பக்கத்து மலங்காட்டில் மரங்களின் கீழ் தங்கினார்கள். 2017 மார்ச்சில் போராட்டம் தொடங்கினார்கள். ஏப்ரல் 29 இல் 100 ஏக்கர் விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. அறிவிப்பு உடனே வந்தது, வீடுகள் வரவில்லை. இடையில் அவர்களுக்குத் திறந்திருந்தது கோயில் மட்டும். தங்கள் ஊருக்குள் விருந்தாளிகள் போல நுழைந்து, திருப்பலி கண்டு, தங்கள் வீட்டுக் கூரைகளைத் தூரத்தில் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

வளவுக்குள் போக முடிகிற ஒரே காரணம் பூசை என்றால், பூசைக்குப் போவதே காணி உரிமையின் சாட்சி ஆகிறது. அங்கே எது பக்தி, எது அரசியல் என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

காற்றாலைப் போராட்டத்தையும் இந்தத் தொடரில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் தம்பபவனி திறந்துவைக்கப்பட்டது. மழை வெள்ளம் வடிந்தோடும் வழிகள் அடைபட்டதாகவும், கரையில் மீன்பாடு குறைந்ததாகவும் மக்கள் சொல்லி வருகிறார்கள். அதன்மேல் புதிய திட்டங்கள், கனிய மணல் அகழ்வு முயற்சிகள். 2025 ஓகஸ்ட்டில் போராட்டம் வலுத்தபோது ஜனாதிபதி ஒரு மாத அவகாசம் அறிவித்தார்; அவகாசம் முடிந்த கையோடு லொறிகள் வந்தன. முன்னணியில் நின்ற மன்னார் பிரஜைகள் குழுவுக்கு ஒரு அருட்தந்தை தலைமை தாங்கினார்.

எனக்கு இதில் புதிதாகத் தெரிந்தது வேறொன்று. அந்த வீதியில் சைவர்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கர்களும் சேர்ந்து நின்றார்கள். வளைவு விழுந்து ஆறு வருடம், வெளியேற்றம் நடந்து முப்பத்தைந்து வருடம். பொது எதிரி ஒருவர் கிடைத்ததால் வந்த ஒற்றுமைதானே என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த இரவு அடிபட்ட அங்கிக்காக எருக்கலம்பிட்டிக்காரரும் கடையை மூடினார். அடுத்த முறை எருக்கலம்பிட்டியில் ஒரு காணிப் பிரச்சினை வரும்போது, அல்லது மாந்தைச் சந்தியில் அடுத்த சிவராத்திரிக்கு மூங்கில் நடும்போது, அங்கியும் மணியும் எந்தப் பக்கம் நிற்கும் என்பதைப் பார்க்க வேண்டும்.

மன்னார் நகரின் நுழைவாயிலில், சதொச கட்டடத்துக்காக 2018 இல் நிலம் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், அவற்றில் சிறுவர்களுடையவையும் இருந்தன. ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில், வளைவு விழுந்த அதே மாதம், காபன் பரிசோதனை முடிவு வந்தது: பதினைந்தாம் நூற்றாண்டுக்கும் பதினேழாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. முந்நூறுக்கு மேற்பட்டவற்றில் ஆறை மட்டும் வைத்து எப்படி முடிவு சொல்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, இன்னும் பதிலில்லை.

ஒருவேளை அந்த முடிவு சரியென்றால், 1544 அந்தக் கால எல்லைக்குள்தான் வருகிறது. அது யாருடைய புதைகுழி? கொல்லப்பட்ட வேதக்காரருடையதா, போர்த்துக்கேயர் காலத்தில் செத்த சைவருடையதா, முத்துக்குளிக்க வந்து நோயில் விழுந்த சோனகருடையதா? முடிவு பிழையென்றால் அவர்கள் நமது தாய்மார் தேடும் பிள்ளைகள். அந்தத் தாயிடம் இதைப் பற்றியும் கேட்டேன். அவர் புதைகுழியைப் பார்க்கப் போனவர்களில் ஒருவர்.

"என்ர பிள்ளையோ தெரியாது. ஆற்றையோ பிள்ள. தாய் ஒருத்தி இருந்திருப்பாள்தானே" என்றார். போகும்போது மெழுகுதிரி கொண்டுபோனாராம். எந்தச் சமயம் என்று தெரியாததால் கொளுத்துவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேலிக்கு வெளியே நின்றாராம். பிறகு கொளுத்தினாராம்.